தண்ணி இல்லாத ஃபயர் டிரக்: ஹெவி ரெஸ்க்யூ வண்டி எப்படி உருவாகுது?

தீயணைப்பு வண்டினு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது தண்ணி டேங்க், பம்ப், ஹோஸ், இல்லனா மேல நீளுற பெரிய ஏணி. ஆனா பெரிய ஊர் ஃபயர் ஸ்டேஷன் சிலதுல இன்னொரு வண்டியும் நிக்கும். அதே சைரன், அதே லைட், சைஸ்ல மத்த வண்டிய விடப் பெருசா கூட இருக்கும், ஆனா பல நேரம் அதுல பம்ப்பும் கிடையாது தண்ணியும் கிடையாது, ரெண்டு பக்கமும் வரிசையா ஷட்டர் கதவு மட்டும்தான். இதுதான் ஹெவி ரெஸ்க்யூ டிரக். நசுங்கின காருக்குள்ள மாட்டினவங்க, இடிஞ்ச கட்டடத்துக்கு அடியில கிடக்கறவங்க, மண்ணு சரிஞ்ச பள்ளத்துல புதைஞ்சவங்க, மெஷினுக்குள்ள கை மாட்டினவங்க, இப்படி தண்ணி அடிச்சு காப்பாத்த முடியாத ஆளுங்களுக்காக வர்ற வண்டி இது. தீயை அணைக்கறதுக்கு இதோட கூட வேற வண்டி வரும்.

இதோட டிசைன் பத்தி தெரிஞ்சுக்கணும்னா முதல்ல ஒரு வரிசையை புரிஞ்சுக்கணும். சாதாரணமா லாரி வாங்கறவங்க இன்ஜின், சேஸிஸ் பாத்துட்டு அப்புறம் மேல என்ன பாடி கட்டலாம்னு யோசிப்பாங்க. ரெஸ்க்யூ டிரக்ல அது அப்படியே உல்டா. முதல்ல டூல் லிஸ்ட், அந்த டூலுக்கு ஏத்த பெட்டி, பெட்டிக்கு ஏத்த பாடி, பாடியோட எடைக்கு ஏத்த ஆக்சில், கடைசியாதான் இன்ஜின். இந்த வரிசை தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும், ஏன் இந்த வண்டிங்க ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கறதில்லங்கறது உட்பட.

கொஞ்சம் பழைய கதை. 1915 ஜனவரில நியூயார்க் சப்வேல கேபிள் தீப்பிடிச்சு சுரங்கம் முழுக்க புகை நிறைஞ்சது, உள்ள மாட்டின ஜனங்ககிட்ட போய்ச் சேரவே தீயணைப்பு வீரர்கள் ரொம்ப திண்டாடினாங்க, ஏன்னா அந்த மாதிரி புகைக்குள்ள நின்னு மூச்சு விட அவங்ககிட்ட ஒழுங்கான கருவி இல்ல. அதே வருஷம் மார்ச் மாசம் நியூயார்க் தீயணைப்புத் துறை ரெஸ்க்யூ 1-னு ஒரு தனி டீமை ஆரம்பிச்சது, கேப்டன் ஜான் மெக்கானல் தலைமையில. அவங்களுக்கு கிடைச்ச முதல் வண்டி ஒரு கேடிலாக் டூரிங் கார். டிராகர் கம்பெனியோட மூச்சுக்கருவி, வெட்டற டூல், கயிறு இதெல்லாம் அதுலதான் ஏத்திட்டு போனாங்க. இன்னிக்கு அந்த ஊர்ல அஞ்சு பகுதிக்கும் ஒவ்வொரு ரெஸ்க்யூ கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பஸ் சைஸ்ல ஒரு வண்டி. நடுவுல நூறு வருஷமா நடந்தது என்னன்னா, ஒவ்வொரு பெரிய விபத்துக்கு அப்புறமும் 'இந்த டூல் இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்'னு ஒண்ணு லிஸ்ட்ல சேர்ந்துச்சு, வண்டியும் அதுக்கேத்த மாதிரி வளர்ந்துச்சு.

சரி, அந்த லிஸ்ட்ல அப்படி என்னதான் இருக்கு?

ரொம்ப பேருக்கு தெரிஞ்சது ஹைட்ராலிக் டூல்ஸ். கட்டர் காரோட தூணை வெட்டும், ஸ்ப்ரெடர் கதவை பிதுக்கித் தள்ளும், ரேம் நசுங்கின டேஷ்போர்டை முன்னால தள்ளும். ஜார்ஜ் ஹர்ஸ்ட்னு ஒருத்தர் 1960-கள்ல கார் ரேஸ் விபத்துகள்ல டிரைவரை வெளிய எடுக்கறதுக்காக இத உருவாக்கினாரு, அதுக்கு முன்னாடி கடப்பாரையும் ரம்பமும்தான், பெட்ரோல் சிந்தின இடத்துல பொறி பறக்கற ரம்பம் ஓட்டறது எவ்வளவு பயங்கரம்னு சொல்லவே வேணாம். இப்ப இருக்கற டூல்ஸ் சுமார் 700 பார் பிரஷர்ல வேலை செய்யும், அதாவது 10,000 பிஎஸ்ஐக்கு மேல. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 15-லேர்ந்து 20 கிலோ, சிலது அதுக்கும் மேல. முன்னாடி இதுக்கெல்லாம் தனியா ஒரு பம்ப், நீளமான ஹோஸ், ஹோஸ் சுத்தி வைக்கற ரீல் எல்லாம் வண்டியிலயே ஃபிக்ஸ் பண்ணியிருப்பாங்க, இப்ப பேட்டரி டூல்ஸ் வந்ததால அந்த ரீல் எல்லாம் குறைஞ்சுட்டு வருது, அதுக்கு பதிலா சார்ஜர் வைக்க இடமும் கரண்ட்டும் வேணும். இன்னொரு விஷயம், புது கார்கள்ல பயணிகளை காப்பாத்தறதுக்காக போரான் கலந்த ரொம்ப உறுதியான ஸ்டீல் போடறாங்க, அத பழைய கட்டரால வெட்ட முடியாம போகுது. கார் மாறினா டூல் மாறுது, டூல் மாறினா அதை வைக்கற டிரேயும் மாறணும். இது எல்லாமே ஒண்ணோட ஒண்ணு கோர்த்தது.

அடுத்தது மரக்கட்டை. ஆமா, சாதாரண மரக்கட்டைதான். இவ்வளவு மாடர்னான வண்டில கத்தை கத்தையா மரக்கட்டை அடுக்கியிருக்கறத பாத்து புதுசா வர்றவங்க ஆச்சரியப்படுவாங்க, ஆனா ரெஸ்க்யூ வேலைல இது இல்லாம ஒண்ணுமே நடக்காது. தூக்கின எதுவும் திரும்ப விழக்கூடாது, அதனால தூக்க தூக்க அடியில கட்டை அடுக்கிட்டே போகணும். நாலு இன்ச்சுக்கு நாலு இன்ச் கட்டையை ஒரு வரிசைக்கு ரெண்டுனு குறுக்கும் நெடுக்குமா அடுக்கினா, நல்ல உறுதியான மரமா இருந்தா அந்த அடுக்கு சுமார் 24,000 பவுண்ட், அதாவது 10 டன்னுக்கு மேல தாங்கும்னு பயிற்சிலயே சொல்லிக் கொடுப்பாங்க. பிரச்சினை என்னன்னா கட்டை இடத்தை அடைக்கும், எடையும் கூடும். டிசைன் பண்ற டேபிள்ல அதிகமா சண்டை வர்ற ஐட்டங்கள்ல இதுவும் ஒண்ணு.

தூக்கறதுக்கு ஏர் பேக். தட்டையா ஒரு ரப்பர் மெத்தை, சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தாலே அதிகம், அந்த சின்ன இடுக்குல சொருகி 8 பார் காத்து அடிச்சா பெரிய லாரியையே தூக்கும். கணக்கு ரொம்ப சிம்பிள், பிரஷரை பரப்பளவோட பெருக்கணும், 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் பரப்பு முழுசா ஒட்டியிருந்தா 8 பார்ல கிட்டத்தட்ட 20 டன். ஆனா மேல எழும்ப எழும்ப பை உருண்டையாகும், ஒட்டற பரப்பு குறையும், தூக்கற சக்தியும் குறையும், அதனாலதான் பல சைஸ்ல பல பை எடுத்துட்டு போறாங்க. இது போக பள்ளம் சரியாம முட்டு கொடுக்கற பேனல், இரும்பு முட்டு, கயிறு, புல்லி, ஸ்ட்ரெச்சர், கான்கிரீட் வெட்டற ரம்பம், இடிபாடுக்குள்ள பாக்கற கேமரா, சத்தம் கேக்கற கருவி, வாயு இருக்கானு பாக்கற மீட்டர், தண்ணிக்குள்ள போற டிரெஸ். ஊருக்கு ஊர் லிஸ்ட் மாறும். பக்கத்துல ஆறு இருந்தா படகு, சுரங்க ரயில் இருந்தா அதுக்கான ஜாக்கி.

இப்ப டிசைன் பண்றவங்களோட முதல் வேலை, இந்த ஒவ்வொரு டூலையும் நீளம், அகலம், உயரம் அளந்து, எடை போட்டு ஒரு டேபிள்ல எழுதறது. கேக்கறதுக்கு போர் அடிக்கற வேலை மாதிரி தெரியும். என்னைக் கேட்டா முழு வண்டியோட தலையெழுத்தும் இந்த டேபிள்லதான் இருக்கு. சில டிபார்ட்மென்ட்ல தரையில டேப் ஒட்டி, ஒவ்வொரு கம்பார்ட்மென்ட்டும் இவ்வளவு பெருசுனு கோடு போட்டு, அதுக்குள்ள நிஜ டூலையே அடுக்கிப் பாப்பாங்க. அப்படி பண்ணும்போதுதான் இந்த கட்டரையும் இந்த ரேமையும் எப்பவும் சேத்துதான் எடுக்கறோம், அப்ப ரெண்டும் ஒரே கதவுக்குப் பின்னாடி இருக்கணும்ங்கற மாதிரி விஷயம் வெளிய வரும். விபத்து வேலைக்கான டூல் எல்லாம் ஒரு பக்கம், கயிறு வேலைக்கானது ஒரு பக்கம், பள்ள வேலைக்கானது பின்னால, இப்படி வேலை வாரியா பிரிக்கறதுதான் நல்ல டிசைன். ராத்திரி மழைல, ஒருத்தர் உயிர் போராட்டத்துல இருக்கும்போது எந்த கதவுனு யோசிச்சுட்டு நிக்கக்கூடாது.

அப்புறம் பாடி எந்த மாடல்னு முடிவு பண்ணணும். இதுல ரெண்டு வகை முக்கியம். ஒண்ணு வாக்-இன், அதாவது பஸ் மாதிரி உள்ள நடந்து போகலாம், நடுவுல நடைபாதை, ரெண்டு பக்கமும் ஷெல்ஃப். பழைய வண்டிங்க நிறைய இப்படித்தான், ஆளுங்க பின்னாடியே உக்காந்து போற வழியிலயே டிரெஸ் மாத்திட்டு டூலை கையில எடுத்துட்டு இறங்குவாங்க. இன்னொண்ணு வாக்-அரௌண்ட், உள்ள நடைபாதையே கிடையாது, எல்லா டூலையும் வெளிய இருந்து கதவைத் திறந்துதான் எடுக்கணும். நடைபாதைக்கு போன இடம் முழுக்க டூலுக்கு கிடைக்கும், சில பெட்டி வண்டியோட இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் நேரா போகும், நீளமான ஸ்ட்ரெச்சர், முட்டுக்கம்பி எல்லாம் அதுல படுக்கும். ஓடற வண்டியில எல்லாரும் சீட்ல உக்காந்து பெல்ட் போட்டிருக்கணும்ங்கற விதி கெட்டியானதும் பின்னாடி நின்னு டிரெஸ் மாத்தறதுங்கற பேச்சே போயிடுச்சு, வாக்-இன்னோட பெரிய லாபமும் அதோட போயிடுச்சு. தண்ணிக்குள்ள இறங்கற டைவர்கள் டிரெஸ் மாத்தவோ, பெரிய விபத்துல அதிகாரிங்க உக்காந்து பேசவோ ஒரு சின்ன ரூம் வேணும்ங்கறவங்க பாதி பாதி கலந்து கட்டிக்கறாங்க. வேற காரணம் இல்லனா வாக்-அரௌண்ட்தான் சரினு நான் சொல்லுவேன், இடம்ங்கறது இந்த வண்டில அவ்வளவு அருமையான பொருள்.

இனிமே வர்றதுதான் முக்கியமான பகுதி, எடை.

அமெரிக்கால பின்னாடி ரெண்டு ஆக்சில் போட்ட பெரிய ரெஸ்க்யூ டிரக் லோடோட சேத்து 25, 30 டன் போறது சாதாரணம். இவ்வளவு எடை, அதுவும் உயரமான வண்டி, அவசரமா போகுது, வளைவுல திரும்புது. அதனால எவ்வளவு எடைங்கறத விட அந்த எடை எங்க இருக்குங்கறதுதான் பெரிய கேள்வி. கனமான டூல் எல்லாம் கீழ் பெட்டியில, லேசானது மேல, இது எல்லாருக்கும் தோணும். முன்னால பின்னால எங்க வைக்கறதுங்கறதுதான் பல பேர் கோட்டை விடற இடம். ஒரு உதாரணம் பாப்போம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல 6 மீட்டர்னு வச்சுக்கங்க. பின் ஆக்சில்லேர்ந்து ஒன்றரை மீட்டர் பின்னால, வண்டியோட வால் பகுதியில, 500 கிலோ டூல் வைக்கறீங்க. பின் ஆக்சில் மேல ஏறற எடை 500 இல்ல, 625 கிலோ. ஏன்னா நெம்புகோல் கணக்குல முன் ஆக்சில்லேர்ந்து 125 கிலோவை அது தூக்கிடுது. வால் பகுதியில இப்படி சேத்துக்கிட்டே போனா பின் ஆக்சில் லிமிட்டைத் தாண்டும், முன் சக்கரம் லேசாகும், முன் சக்கரம் லேசானா ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிமானம் இழக்கும். அதே 500 கிலோவை பின் ஆக்சிலுக்கு முன்னால உள்ள பெட்டியில வச்சா ரெண்டு ஆக்சிலும் பங்கு போட்டுக்கும்.

இடது வலதும் பாக்கணும். அமெரிக்கால தீயணைப்பு விதிகளை எழுதற என்எஃப்பிஏ அமைப்போட 1901 நம்பர் தரநிலைப்படி ரெண்டு பக்க டயர் மேல வர்ற எடைக்கு நடுவுல வித்தியாசம் 7 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. கவிழ்ந்துடக் கூடாதுங்கறதுக்கும் அதுல அளவு இருக்கு, ஒண்ணு வண்டியை சாய்வு மேடையில ஏத்தி ரெண்டு பக்கமும் 26.5 டிகிரி சாய்ச்சாலும் விழாம நிக்கணும், இல்லனா வண்டியோட எடை மையம், பின் ஆக்சில்ல இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரத்துல 80 சதவீதத்துக்கு மேல உயரமா இருக்கக்கூடாது. இல்லனா வண்டி சறுக்கறத தானா கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் சிஸ்டம் போடணும். இந்த 1901, கூட இருந்த சில தரநிலைகளோட சேந்து, 2024-ல என்எஃப்பிஏ 1900னு ஒரே புத்தகமா ஆயிடுச்சு. இந்த கனமான வண்டிங்களுக்கு அதிகபட்ச வேகமும் மணிக்கு 68 மைல்னு கட்டுப்படுத்தியிருக்காங்க, அதாவது 110 கிலோமீட்டர் கிட்ட. உதவிக்கு போற வண்டியே கவிழ்ந்தா உதவி கேட்டவங்களுக்கும் யாரும் இல்ல, வண்டியில இருக்கறவங்களுக்கும் யாரும் இல்ல, அதனால இந்த நம்பர்களை வெறும் பேப்பர் வேலையா நினைக்கற ஆட்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வரும்.

எடைக்கு அடுத்த எதிரி முறுக்கல். லாரி சேஸிஸ்ங்கறது ரெண்டு நீளமான இரும்பு சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள், படுக்க வச்ச ஏணி மாதிரி. ஒரு பக்க முன் சக்கரம் மேட்டுல ஏறினா இந்த ஏணி முறுக்கிக்கும், அது முறுக்கிக்கணும்தான், அப்பதான் நாலு பக்க சக்கரமும் தரையில பதியும். ஆனா மேல உக்காந்திருக்கற ரெஸ்க்யூ பாடி ஒரு விறைப்பான பெட்டி, அது முறுக்காது. ரெண்டையும் நேரா போல்ட் போட்டு இறுக்கிட்டா என்ன ஆகும்? கொஞ்ச வருஷத்துல கதவு மூலையில விரிசல் விடும், ஷட்டர் மேடு பள்ளத்துல நின்னா திறக்கவே திறக்காது. ஷட்டர் ரெண்டு பக்கமும் ஒரு தடத்துலதான் ஓடுது, பெட்டியோட சதுரம் கொஞ்சம் கோணலானா போதும், சிக்கிக்கும். விபத்து நடக்கற இடம் எப்பவும் சமதரையா இருக்காதே, பாதி வண்டி ரோட்டுலயும் பாதி மண்ணுலயும் நிக்கும்போதுதான் அந்த கதவு அவசியமா திறக்கணும். அதனால பாடிக்கு அடியில தனியா ஒரு சப்ஃபிரேம் வெல்டு பண்ணி, அதுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரப்பர் மவுண்ட், இல்ல ஸ்பிரிங் மவுண்ட் வைக்கறாங்க. கீழ சேஸிஸ் முறுக்கினாலும் மேல பெட்டி சதுரமாவே நிக்கும். வெளிய இருந்து பாக்கறவங்க கண்ணுக்கே தெரியாத பகுதி இது, ஆனா ஒரு வண்டி எவ்வளவு வருஷம் உழைக்கும்ங்கறத இதுதான் முடிவு பண்ணும்.

பாடி எதுல செய்யறாங்கனா அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துத்தநாகம் பூசின ஸ்டீல், இப்ப சில இடத்துல பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் கூட. அலுமினியத்தோட எடை இரும்புல மூணுல ஒரு பங்கு, ஆனா விறைப்பும் மூணுல ஒரு பங்குதான், அதனால தகடு தடிமனா போடணும், மிச்சமாகற எடை மூணுல ரெண்டு பங்கு இல்ல, அதுக்கு கம்மிதான். அமெரிக்கால 1970-கள்ல இ-ஒன் கம்பெனி அலுமினிய பாடியோட வந்தப்புறம் இது ரொம்ப பரவிடுச்சு. ஸ்டெயின்லெஸ் கனம் அதிகம், துருவுக்கு பயப்பட வேணாம். பனி கொட்டற ஊர்ல ரோட்டுல உப்பு போடுவாங்க, அந்த உப்புத்தண்ணி பட்டா அலுமினியமும் ஸ்டீலும் நேரா தொட்டுக்கிட்டு இருக்கற இடத்துல மின்வேதியியல் அரிப்பு ஆரம்பிச்சுடும், அலுமினியம் வெள்ளைப் பவுடரா உதிரும், பெயிண்ட் கொப்பளிக்கும். அதுக்காக ரெண்டு உலோகம் சேர்ற ஒவ்வொரு இடத்துலயும் நடுவுல ஒரு டேப் இல்ல ரப்பர் வாஷர் வச்சுதான் போல்ட் போடணும், கைப்பிடி மாட்டற சின்ன ஸ்க்ரூ வரைக்கும்.

கதவுக்கு இப்ப பெரும்பாலும் ரோல்-அப் ஷட்டர்தான், வெளிய விரியாது, ஓடற டிராஃபிக் பக்கம் நீட்டாது. ஆனா மேல சுருளறதுக்கு பெட்டியோட உச்சியில கொஞ்சம் இடம் தின்னும். உள்ள ஷெல்ஃப் எல்லாம் ஏத்தி இறக்கற மாதிரி தண்டவாளத்துல மாட்டியிருக்கும், கனமான டூலுக்கு வெளிய இழுக்கற டிரே, அதுலயும் சிலது இழுத்ததும் கீழ சாயும், உயரம் கம்மியான ஆளும் எட்டி எடுக்கணும்ல. 20 கிலோ டூலை தலைக்கு மேல இருந்து இறக்கறது முதுகுக்கும் ஆபத்து, கீழ நிக்கறவங்க தலைக்கும் ஆபத்து. வண்டியோட கூரை மேலயும் மூடி போட்ட பெட்டிங்க இருக்கும், அடிக்கடி தேவைப்படாத மரச்சட்டம், பேனல் எல்லாம் அங்க போகும், ஏறறதுக்கு பின்னால ஒழுங்கான படி வேணும்.

கரண்ட், வெளிச்சம், காத்து. இந்த மூணையும் வண்டியே தயார் பண்ணும். வண்டியோட கியர்பாக்ஸ்லேர்ந்து பிடிஓனு ஒரு தண்டு வழியா சக்தி எடுத்து ஜெனரேட்டரை ஓட்டுவாங்க, இல்லனா நடுவுல ஒரு ஹைட்ராலிக் பம்ப்பும் மோட்டாரும் வைப்பாங்க, அப்படி வச்சா இன்ஜின் வேகம் ஏறி இறங்கினாலும் ஜெனரேட்டர் ஒரே வேகத்துல சுத்தும். முன்னாடி ஹாலஜன் லைட் டவர் ஒண்ணே பல ஆயிரம் வாட் இழுக்கும், அதனால 20, 30 கிலோவாட் ஜெனரேட்டர் கட்டாயமா இருந்துச்சு. எல்இடி வந்ததும், பேட்டரி டூல் வந்ததும், சின்ன ஜெனரேட்டரே போதும்னு நிறைய பேர் இறங்கி வந்துட்டாங்க, அதுல மிச்சமான எடைக்கு வேற டூல் ஏறுது. காத்துக்கு, மூச்சுக்கருவி சிலிண்டரை அங்கயே நிரப்பித் தர்ற சிஸ்டம் இருக்கும், பெரிய சிலிண்டர்கள் வரிசையா, ஒண்ணு பிரஷர் குறைஞ்சா அடுத்ததுக்கு மாறும். நிரப்பும்போது சின்ன சிலிண்டரை ஒரு தடிமனான இரும்புக் கூண்டுக்குள்ள பூட்டித்தான் நிரப்பணும், வெடிச்சா சிதறல் வெளிய வராம இருக்கறதுக்காக.

இழுவைக்கு வின்ச் வைக்கறதுல நாட்டுக்கு நாடு பழக்கம் வேற. ஜெர்மனில ரூஸ்ட்வாகன்னு சொல்ற ரெஸ்க்யூ வண்டிக்கு டின் (DIN)ங்கற அந்த நாட்டு தரநிலை இருக்கு, 50 கிலோநியூட்டன் இழுவை வின்ச், எல்லா சக்கரமும் இழுக்கற சேஸிஸ், லைட் கம்பம் எல்லாம் அதுல வரும், நாடு முழுக்க வண்டிங்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அமெரிக்க வண்டிய விட ரொம்ப சின்னது. ஜப்பான்ல இந்த வண்டிய வகை ஒண்ணு, ரெண்டுனு பிரிச்சிருக்காங்க, பல வண்டில வின்ச்சோட சேத்து பின்னால சின்ன கிரேனும் இருக்கும், விமானத்துல ஏத்திட்டு போற மாதிரி சின்னதா ஒரு வகையே இருக்கு. 1995 கோபே பூகம்பத்துக்கு அப்புறம் டோக்கியோ தீயணைப்புத் துறை ஹைப்பர் ரெஸ்க்யூனு தனிப் படையே உருவாக்கிடுச்சு. அமெரிக்கால ஒவ்வொரு ஊரும் தனக்குனு தனியா டிசைன் பண்ணிக்கும். எது நல்லதுனு கேட்டா, ஒரே மாதிரி வண்டி இருந்தா பக்கத்து ஊர் ஆளும் வந்து கதவு தேடாம வேலை செய்வாங்க, அந்த லாபத்தை அமெரிக்க முறையில இழக்கறோம்னு எனக்குத் தோணும், ஆனா சுரங்க ரயிலும் வானளாவிய கட்டடமும் இருக்கற ஊருக்கும் வயல்வெளி ஊருக்கும் ஒரே வண்டி பொருந்தாதுங்கறதும் உண்மைதான்.

கேபின்ல அஞ்சாறு பேர் உக்கார்ற சீட், எல்லாத்துக்கும் பெல்ட். கேபின்குள்ள எந்த டூலும் லூசா கிடக்கக்கூடாது, மோதல்ல அது ஆளை அடிச்சுடும், முன்பின் திசையில தன் எடையோட 9 மடங்கு விசை வந்தாலும் பிடிச்சு வைக்கற பிராக்கெட் வேணும்னு விதி. இன்னொரு நல்ல மாற்றம், புகையும் ரசாயனமும் பட்ட டிரெஸ்ஸையும் மூச்சுக்கருவியையும் கேபின்குள்ள கொண்டு வராம வெளிப் பெட்டியில வைக்கறது. தீயணைப்பு வீரர்களுக்கு புற்றுநோய் ஆபத்து அதிகம்ங்கறது தெளிவானதுக்கு அப்புறம் வந்த பழக்கம் இது, இதுக்காக பாடியில தனி பெட்டி ஒதுக்கணும், அந்த இடம் வேற எதையாவது வெளிய தள்ளும், தள்ளட்டும். வண்டி முதுகுல சாய்வா சிவப்பு மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கறது அழகுக்கு இல்ல, ஹைவேல நிக்கற வண்டி பின்னால வர்றவங்களுக்கு ராத்திரி தெரியணும், பின்பக்கத்துல குறைஞ்சது பாதி பரப்பு ஒளியை திருப்பி அடிக்கற பட்டையா இருக்கணும்.

கட்டற வேலை இப்படி போகும். டூல் டேபிளை வச்சு தேவைகளை எழுதி கம்பெனிக்கு கொடுப்பாங்க, இன்ஜினியர்கள் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு எடைக் கணக்கு போட்டு அனுப்புவாங்க, வீரர்களும் இன்ஜினியர்களும் நேர்ல உக்காந்து ஒவ்வொரு பெட்டியா பேசுவாங்க. இந்த மீட்டிங்ல மாத்தறது பேப்பர்ல மாத்தறது, அப்புறம் மாத்தினா தகடை வெட்டி மாத்தணும். ஒருபக்கம் சேஸிஸ் தயாராகும், இன்னொரு பக்கம் தகடை லேசர்ல வெட்டி, மடிச்சு, வெல்டு பண்ணி பாடி தயாராகும். பாடியை சேஸிஸ்ல ஏத்தறதுக்கு முன்னாடியே தனியா பெயிண்ட் அடிக்கறது நல்லது, மறைவான மூலைக்கும் பெயிண்ட் போகும், துரு அங்கதான் ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் வயரிங். இப்பல்லாம் ஒவ்வொரு லைட்டுக்கும் தனி வயர் இழுக்காம மல்டிபிளெக்ஸ் முறையில சின்ன சின்ன கண்ட்ரோல் பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், பேட்டரி இறங்கினா முக்கியமில்லாத லோடை அதுவே கட் பண்ணும். ஸ்டேஷன்ல நிக்கும்போது சார்ஜ் ஏத்தற பிளக், வண்டி ஸ்டார்ட் ஆனதும் தானா வெளிய துள்ளி விழுந்துடும். ஆர்டர் கொடுத்ததுலேர்ந்து கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், இப்ப அமெரிக்கால ரெண்டு மூணு வருஷம் காத்திருக்கறதும் நடக்குது.

இங்க ஒரு விஷயத்தை டிசைன் பண்றவங்க கெஞ்சிக் கேட்டாலும் வாங்கறவங்க காதுல போட்டுக்கறதில்ல: காலி இடம் விடுங்க. இந்த வண்டி 15, 20 வருஷம் ஓடும். அத்தனை வருஷத்துல எலக்ட்ரிக் கார் மாதிரி புதுசா என்னென்ன வரும்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. முதல் நாளே எல்லா ஷெல்ஃபையும் நிரப்பி, ஆக்சில் லிமிட்டையும் தொட்டு நிக்கற வண்டில அஞ்சு வருஷம் கழிச்சு புது டூல் ஏத்த முடியாது, அப்ப பழசு ஒண்ணை இறக்கணும், எதை இறக்கறதுனு ஸ்டேஷனே ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். லிஸ்ட் போடும்போதே பல வருஷமா யாரும் தொடாத டூலை அடிச்சிட்டா இந்த தலைவலி பாதி குறையும்.

வண்டி ஸ்டேஷனுக்கு வந்ததும் உடனே வேலைக்கு போகாது. டூல் ஒவ்வொண்ணுக்கும் பிராக்கெட் மாட்டணும், ஒரு ஷிப்ட் ஆளுங்க ஒரு மாதிரி மாட்டினா அடுத்த ஷிப்ட் வந்து வேற மாதிரி கேக்கும், அதனால பொதுவா மூணு ஷிப்டும் சேந்து முடிவு பண்ணிட்டுதான் துளை போடுவாங்க. டிரைவர்கள் ஃபுல் லோடோட ஓட்டிப் பழகணும், காலி வண்டி நிக்கற தூரமும் 30 டன் வண்டி நிக்கற தூரமும் வேற. கண்ணைக் கட்டிக்கிட்டு 'இந்த டூல் எந்தக் கதவு'னு சொல்ற அளவுக்கு ஒவ்வொருத்தரும் பெட்டிகளை மனப்பாடம் பண்ணணும். எல்லா டூலும், எல்லா ஆளும் ஏறினதுக்கு அப்புறம் எடைமேடைக்கு கொண்டு போய் ஒவ்வொரு ஆக்சிலா, முடிஞ்சா ஒவ்வொரு சக்கரமா எடை போட்டு, ஆரம்பத்துல போட்ட கணக்கோட ஒத்துப் பாக்கணும், அப்புறமும் புது டூல் எது ஏறினாலும் இந்த எடையைத் திரும்பப் போட்டு அந்த டேபிள்ல எழுதி வைக்கணும்.